இரண்டு கையும் கேட்கிற ரிலே

சாமி கும்பிடும்போது மற்ற பெண்கள் தாலி பாக்கியம் கேட்பார்கள். நான் அதோடு சேர்த்து விரல் பாக்கியமும் கேட்பேன். பவர் பிரஸ் ஓடும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் வேறு என்ன கேட்பாள்?

துடியலூரில் எங்கள் வீட்டை ஒட்டியே பட்டறை. தகரக் கூரை போட்ட ஷெட், அதற்குள் ஒரு பிரஸ். தகட்டுப் பட்டையை அடியில் வைத்தால் மேலிருந்து இறங்கி ஒரே குத்தில் வாஷரை வெட்டித் தள்ளும். அந்த வாஷர்கள் பம்புக் கம்பெனிக்குப் போகும். தகட்டை வெட்டுகிற அதே மனசோடுதான் அது விரலையும் வெட்டும். அதற்கு வித்தியாசம் தெரியாது.

என் வீட்டுக்காரர்தான் முதலாளி, அவரேதான் பிரஸ்ஸை ஓட்டுகிறவர். அவர் சரக்கு கொண்டுபோகும் நேரத்தில் ஓட்டுவதற்குப் பக்கத்து வீதியிலிருந்து ஒருத்தி வேலைக்கு வருவாள். என்னை அக்கா என்பாள், அவரை அண்ணா என்பாள், இரண்டு பேரையும் ஒரே அளவில் கேலி செய்வாள். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். வாஷரை எடை போட்டுச் சாக்கில் கட்டுவதும், வெள்ளிக்கிழமைதோறும் பிரஸ்ஸுக்குப் பூஜை போடுவதும் என் வேலை.

முன்பெல்லாம் பிரஸ்ஸைக் காலால் மிதித்துத்தான் ஓட்டினார். கம்பெனிக்காரர்கள் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, அதெல்லாம் ஆகாது, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு கையும் பட்டன் மேலே இருந்தால் பிரஸ்ஸுக்கு அடியில் எந்தக் கை இருக்கப் போகிறது? பட்டன் வைத்த அன்றைக்கே இரண்டுக்கும் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்தேன்.

குங்குமம் காய்வதற்குள் அவர் ஒரு பழைய சைக்கிள் ட்யூபைப் பட்டையாக அறுத்து, இடது பட்டன் மேல் இறுக்கிக் கட்டிவிட்டார். பட்டன் எந்நேரமும் அழுந்தியே கிடந்தது. வலது கை பட்டனில், இடது கை தகட்டில். வேலை பழையபடி சரசரவென்று ஓடியது. கம்பெனிக்காரர்கள் வருகிற அன்றைக்கு மட்டும் ரப்பர் அவருடைய சட்டை ஜோபிக்குள் போய்விடும்.

"ஏனுங், அந்த ரப்பரை அவுத்துப்போடுங்களேன்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"இடது கை சும்மா கெடந்தா வேலை எப்படி அம்மணி ஓடும்? அது தகட்டைத் தள்ளோணும், இது பட்டனை அமுக்கோணும். அது அதுக்கு ஒரு வேலை."

"தகடு போனா வேற தகடு வாங்கிக்கலாமுங்க."

வாஷரைப் பொறுக்கிக்கொண்டிருந்த வேலைக்காரி தலையை நிமிர்த்தினாள். "அண்ணனுக்கு ஆண்டவன் நாலு கை வெச்சிருக்கோணுங் அக்கா. ரெண்டு போனாலும் சோறு திங்க ரெண்டு மிஞ்சும்."

அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். சிரித்ததற்கு அன்றைக்குச் சாயங்காலம் விளக்கு வைக்கும்போது சாமியிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து, அன்னூர்ப் பக்கம் இதே மாதிரி பிரஸ் போட்டிருக்கும் அவருடைய சிநேகிதர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். வெற்றிலை பாக்கு, பழம் வைத்த தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். வாங்கப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். வலது கையில் நடுவிரலும் அதற்கடுத்த விரலும் இல்லை. தீபாவளிக்கு வந்தபோது இருந்த விரல்கள்.

வந்தவர்தான் என்னைச் சமாதானப்படுத்தினார். "அது ஆச்சுங்க, ஒரு செகண்டுல. வலியே தெரியலை. தாரை வார்க்கறப்ப கையில தண்ணி நிக்குமான்னுதான் ஊட்டுல ஒரே வெசனம்" என்று சொல்லிச் சிரித்தார். என் வீட்டுக்காரரும் கூடவே சிரித்தார். ஆனால் சிநேகிதர் போனபிறகு பட்டறைக்குப் போய் ரப்பரை அவிழ்த்து வைத்தார். நான் பார்த்தேன். மறுநாள் மத்தியானத்துக்குள் அது மறுபடியும் பட்டன் மேல் ஏறியிருந்தது. அதையும் பார்த்தேன்.

இனிச் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்துபோயிற்று. கணபதிப் பக்கம், பிரஸ்ஸின் கரண்ட் இணைப்பெல்லாம் இருக்கும் பேனல் பெட்டியை எங்களுக்குச் செய்துகொடுத்த தம்பிக்கு ஒரு சின்னக் கடை உண்டு. கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, உண்மையாகவே கோயிலுக்கும் போய்விட்டு, அங்கே போனேன்.

"தம்பி, ஒரு பட்டனைக் கட்டிப்போட்டா அதைக் கண்டுபுடிக்கற மாதிரி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அவன் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "அண்ணன் கட்டிப்போட்டாருங்களா?"

"யாரோ கட்டறாங்க."

அவனுக்குச் சிரிப்பு. "இப்ப உங்க பேனல்ல இருக்கறது சாதா ரிலேங் அக்கா. கரண்ட் வந்தா ஒட்டும், போனா உட்டுப்போடும். அதுக்கு எது கை, எது ரப்பருன்னு தெரியாது. அப்பவே அண்ணன்கிட்டச் சொன்னேன், சேஃப்டி ரிலேயாப் போட்டுக்கலாமுன்னு. இதே போதும்னுட்டாரு."

அப்படியா சேதி என்று நினைத்துக்கொண்டேன்.

மேஜை மேல் சில பெட்டிகளை எடுத்து வைத்தான். ஒன்று நல்ல மஞ்சள் நிறம். பார்க்க மங்களகரமாக இருந்தது. "இதையே குடுத்துருங்க" என்றேன்.

"கலரைப் பாத்து எடுக்கற சாமான் இல்லீங் அக்கா. இது சேஃப்டி ரிலேதான், ஆனா அவசரப் பட்டனுக்கு. ஆபத்துன்னா செவப்பு பட்டனைத் தட்டறமில்ல, அதைப் பாத்துக்கும். நம்ம ரெண்டு கையைப் பாத்துக்காது. நமக்கு வேண்டியது இது" என்று சாம்பல் நிறத்தில் இன்னொன்றை நகர்த்தி வைத்தான். எங்கள் வீட்டுத் தீப்பெட்டிக் கட்டு அளவுகூட இல்லை. இதுவா அவரைப் பிடித்து நிறுத்தப் போகிறது என்று இருந்தது.

"ரெண்டு பட்டனையும் ஒண்ணா அமுக்கோணும். ஒண்ணு முந்தி ஒண்ணு பிந்தி அமுக்குனா இது ஏத்துக்காது. ஒரு குத்து ஆனதும் ரெண்டு கையையும் எடுத்துட்டு, மறுக்கா ரெண்டையும் அமுக்கோணும். எடுக்கலைன்னா வாயையே தொறக்காது. கட்டிப்போட்ட பட்டன்னா எடுக்காத பட்டன்தானுங்களே?"

எனக்குப் புரிந்தது. "கும்பிடற மாதிரிங்களா? ரெண்டு கையும் சேர்ந்து வந்தாத்தான் கும்பிடு."

"சாமிகூட ஒத்தக் கையை ஏத்துக்குமுங் அக்கா. இது ஏத்துக்காது."

"சரி, இதே ஒரு நாளைக்குக் கெட்டுப்போச்சுன்னா?"

அந்தக் கேள்விக்கு அவன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அதுக்குத்தான் வெலை. உள்ளுக்குள்ள ரெண்டு ரிலே இருக்குது. ஒண்ணை ஒண்ணு பாத்துட்டே இருக்கும். ஒண்ணு ஒட்டுனது உடாமப் போச்சுன்னா, இன்னொண்ணு மறுக்கா மெஷினை ஓட உடாது. சாதா ரிலே ஒட்டிக்கிச்சுன்னா சத்தமில்லாம ஓடிட்டே இருக்கும், நமக்குத் தெரியவே தெரியாது."

"மாமியாளும் மருமகளும் ஒரே சமையக்கட்டுல இருக்கற மாதிரி."

"அதேதானுங். ஒருத்தி அடுப்பை அணைக்க மறந்தா இன்னொருத்தி ஊருக்கே சொல்லிப்போடுவா."

இத்தனை தெளிவாகச் சொன்ன பிறகு நான் ஏன் யோசிக்கப் போகிறேன்? அதையே போடச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் விலையைக் கேட்டதும் அவர், "அந்தத் துளியூண்டு பெட்டிக்கா?" என்று வாயைப் பிளந்தார். கம்பெனிக்காரர்கள் அடுத்த தடவை வந்தால் இதைத்தான் கேட்பார்களாம் என்று ஒரு வார்த்தை போட்டு வைத்தேன். அது பொய்யும் இல்லை. என்றைக்காவது கேட்கத்தானே போகிறார்கள்?

பேனல்காரத் தம்பி வந்து ரிலேயை மாட்டினான். பட்டன்களையும் கழற்றி, ஒன்றுக்கொன்று எட்டத்தில் தள்ளி வைத்து, சுற்றிலும் உயரமாக வளையம் போட்டுவிட்டுப் போனான். அவன் வண்டி வீதி முனை திரும்பியிருக்காது, என் வீட்டுக்காரர் ஜோபியிலிருந்து ரப்பரை எடுத்தார். நானும் வேலைக்காரியும் வாஷர் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை வாஷரிலும் காதைப் பிரஸ்ஸிலும் வைத்திருந்தோம்.

இடது பட்டனைக் கட்டினார். வலது பட்டனை அழுத்தினார். பிரஸ் அசையவில்லை. பேனல் கதவில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினார். ரப்பரை அவிழ்த்துவிட்டு இடதை முதலில் அழுத்தி, பிறகு வலதை அழுத்தினார். ஒன்றும் இல்லை. பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வலது கையால் ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே, மற்றதை வயிற்றால் அமுக்கப் பார்த்தார். வளையத்துக்குள் அவருடைய வயிறு போகவில்லை.

"அண்ணா, அது கும்பிடு கேக்குதுங்க. தொப்பையைக் கேக்கலைங்க" என்றாள் வேலைக்காரி.

அவர் எங்களைப் பார்க்காமல் இரண்டு கையாலும் இரண்டு பட்டனையும் ஒன்றாக அழுத்தினார். டம்மென்று பிரஸ் இறங்கி ஏறியது. எனக்கு ஆறுகால பூஜை மணி கேட்ட மாதிரி இருந்தது.

அதற்குப்பிறகு கொஞ்ச காலம் நிம்மதி. இரண்டு கையாலேயே ஓட்டினார். முணுமுணுத்துக்கொண்டேதான் ஓட்டினார். அதைப்பற்றி எனக்கென்ன?

வெள்ளிக்கிழமை பூஜைக்கு மட்டும் ஒரு மாற்றம் வந்தது. ரிலே மாட்டிய அன்றைக்கே அதற்கும் பொட்டு வைக்க நான் போனபோது, "அக்கா, காத்துப் போறதுக்கு மேல சின்னச் சின்ன ஓட்டை இருக்குது. குங்குமம், விபூதி ஒண்ணும் கொட்டிப்போடாதீங்க" என்று தம்பி கையெடுத்துக் கும்பிட்டிருந்தான். அதனால் பேனல் கதவைத் திறந்து, கதவின் உள்பக்கம் பொட்டு வைத்துவிட்டு, எட்ட நின்று கற்பூரம் காட்டுவேன். வாராவாரம் பார்த்துப் பார்த்து, எந்த நிற வயர் எங்கே புறப்பட்டு எங்கே போகிறது என்பது, பூஜை அலமாரியில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்பது போல எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை கற்பூர வெளிச்சத்தில் அங்கே ஒரு புது நீல வயர் தெரிந்தது. போன வாரம் இல்லாத வயர். பூஜை அலமாரியில் யாரோ தெரியாதவர் படம் வைத்திருந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

கற்பூரம் அணைந்ததும் தம்பிக்குப் போன் போட்டேன். அவன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "இதைப் போட்டா ஒரு பட்டனை அமுக்குனாலே ரெண்டையும் அமுக்குனதா ரிலே நெனச்சுக்கும். கண்ணைக் கட்டி உட்டுட்டாங் அக்கா. நான் போடலைங்க. என்ற புள்ளைக மேல சத்தியமுங்க."

"நீங்க போடலைன்னு தெரியும் தம்பி. கழட்டிக் குடுங்க."

கழற்றிக் கொடுத்தான். அதை ஒரு காகிதத்தில் மடித்து, மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரம். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், வேலைக்காரியும் தூக்குப்போசியைத் திறந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நான் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டேன். "ஏனுங், பேனலுக்குள்ள ஒரு நீல வயர் கெடந்துதுங்க. யாரு போட்டிருப்பாங்க?"

அவர் சோற்றை ரொம்ப நேரம் மென்றார். "எலி கிலி இழுத்துட்டு வந்திருக்கும்."

"எலி ஸ்குரூ முடுக்குமுங்களா?"

"படிச்ச எலியா இருக்குமுங் அக்கா" என்றாள் வேலைக்காரி. "ஜோபியில டெஸ்டர் வெச்சுட்டுச் சுத்தற எலி."

அவருடைய சட்டை ஜோபியில் டெஸ்டர் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்காத மாதிரி இருந்தோம். எங்கள் பக்கம் புருஷனைப் பார்த்து, அதுவும் வேலைக்கு வந்தவள் முன்னால், "நீங்கதான் செஞ்சீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம். பயம் இல்லை, மரியாதை. அதனால் அவர்கள் தப்பித்துக்கொண்டார்கள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

"சரிங்க. யாருன்னு எனக்குத் தெரியலை" என்றேன். "தெரிஞ்ச ஆத்தா ஒருத்தி ஆனைமலையில இருக்கறா. அவகிட்டப் போய்ச் சொல்லிப்போட்டு வாரேன்."

அவர் கை தட்டில் நின்றுவிட்டது.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பொருள் களவு போனாலோ, யாராவது ஏமாற்றிவிட்டாலோ, செய்தது யாரென்று தெரியாவிட்டால் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போவோம். அங்கே வரமிளகாயை அரைத்து நீதிக்கல்லில் பூசி, அம்மனிடம் முறையிடுவோம். அந்த எரிச்சல் தப்பு செய்தவரைத் தேடிப்போய்ச் சேரும். நியாயம் கிடைத்ததும் மறுபடி போய் எண்ணெய் சாத்திக் கல்லைக் குளிர வைக்க வேண்டும். மிளகாய் அரைக்கப் போகிறேன் என்று சொன்ன மாத்திரத்திலேயே காணாமல் போன கோழி, மோட்டார், நகை எல்லாம் தானாக வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நானும் அதைத்தான் நம்பினேன். சாயங்காலத்துக்குள் வாயைத் திறந்துவிடுவார், போக்குவரத்துச் செலவு மிச்சம் என்று இருந்தேன்.

அவர் திறக்கவில்லை. அழுத்தமான மனுஷன். நான் சொல்லிவிட்டேனே, இனிப் போகாமல் இருக்க முடியுமா? சொன்னது அம்மன் பேரைச் சொல்லி அல்லவா?

பஸ்ஸில் போகிறேன் என்றேன். "பஸ்ஸுல எதுக்கு? நம்ம வண்டியிலயே நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். சரக்கு ஏற்றுகிற சின்ன வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். வழியில் என் மனசைத் திருப்பிவிடலாம் என்பது அவர் கணக்கு.

உக்கடம் தாண்டியதும் ஆரம்பித்தார். "இத்தனூண்டு வயருக்குப் போய் மொளகா அரைக்கறதா அம்மணி?"

"இத்தனூண்டுன்னுதானுங்க தைரியமாப் போட்டிருக்காங்க."

கிணத்துக்கடவில் வண்டியை நிறுத்தி டிபன் வாங்கிக் கொடுத்தார். நான் கேட்காமலே ஒரு வடையும் சொன்னார். "போட்டவன் நல்ல எண்ணத்துல போட்டிருக்கலாம். ஆர்டர் சீக்கிரம் முடியட்டுமேன்னு."

"இருக்குமுங்க. நல்லவராத்தான் இருக்கும்."

"ரொம்ப நல்லவனா இருக்கும்."

"அப்ப அம்மனுக்கும் தெரியுமுங்க. நீங்க எதுக்கு வெசனப்படறீங்க?"

பொள்ளாச்சியில் இளநீர். "வெயிலு நெம்ப ஏறிப்போச்சு. உனக்குக் கண்ணு எரியும். இன்னொரு நாளைக்கு வரலாமா?" என்றார். "இளநி குடிச்சாச்சு, எரியாதுங்க" என்றேன். இத்தனை வருஷத்தில் ஒரே நாளில் அவர் என்னை இவ்வளவு கவனித்ததில்லை. ஆனைமலை இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கக் கூடாதா என்றுகூட ஒரு ஆசை வந்தது.

கோயில் பக்கத்தில் மிளகாய் விற்கிற அம்மா பொட்டலத்தைக் கையில் கொடுக்கும்போது, "களவுங்களா, ஏமாத்துங்களா?" என்று கேட்டாள்.

"வயருங்க."

"மோட்டார் வயருங்களா? எங்க தோட்டத்துலயும் இப்படித்தான் அறுத்துட்டுப் போயிட்டானுக. உடாதீங்க அம்மணி. எந்தக் கை செஞ்சுதோ அந்தக் கை வெளங்காமப் போகோணும்னு நல்லா நெனச்சு அரைங்க."

என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

படுத்திருக்கும் அம்மனைத் தரிசனம் செய்துவிட்டு வந்து, மிளகாய் அரைக்க உட்கார்ந்தேன். தண்ணீர் தெளித்து இரண்டு இழுப்பு இழுத்திருப்பேன். நெடி மூக்கில் ஏறியது. மனசுக்குள் முறையிட ஆரம்பித்தேன். 'தாயே, அந்த வயரைப் போட்ட கையை...' என்று நினைத்தவள், அதற்கு மேல் நினைக்க முடியாமல் நின்றுவிட்டேன்.

எந்தக் கை? எந்தக் கைக்காகக் கணபதிக்குப் போய் ரிலே வாங்கினேனோ, எந்தக் கை விரல்களைத் தினமும் விளக்கு முன்னால் கேட்டு வாங்குகிறேனோ, அந்தக் கை. பிரஸ் எடுக்காததை நீ எடுத்துக்கொள் என்று அம்மனிடம் அல்லவா கேட்கப் போகிறேன்! வழியெல்லாம் விளையாட்டாக வந்துவிட்டேன். இவள் படுத்திருக்கிறாளே தவிர, காது தூங்குவதில்லை. விளையாட்டுக்குச் சொன்னது, நிஜமாகச் சொன்னது என்று அவளிடம் போய் யார் பிரித்துச் சொல்வது? அரைத்த மிளகாயைக் கீழே கொட்டவும் முடியாது, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்க் குழம்பில் போடவும் முடியாது. குழவியை உருட்டாமல் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"என்ன அம்மணி, நிறுத்திப்போட்டே?" என்றார் பின்னாலிருந்து.

"கை எரியுதுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

 அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குழவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் ஒரு சட்னிகூட அரைத்ததில்லை. குழவி அவருக்கு வசப்படவே இல்லை, அங்கேயும் இங்கேயும் உருண்டது. ஆனாலும் விடாமல் அரைத்தார். அரைத்துக்கொண்டே, பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரியே சொன்னார்:

"தாயே, வயரைப் போட்டது நான்தான். ரப்பரைக் கட்டுனதும் நான்தான். இதுவரைக்கும் நடந்ததை மன்னிச்சு உட்ரு. இனிமேப் போட்டேன்னா, அப்பக் கேளு. இவளை மட்டும் அழுக வெக்காத."

பக்கத்தில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கையை நிறுத்திவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "அட சாமி! தனக்குத்தானே அரைச்சுக்கறாரே இந்த மனுசன்!" என்றாள்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. மிளகாய் நெடி என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அரைத்ததை எடுத்து அவரே கல்லில் பூசினார். நான் மஞ்சள் பையிலிருந்த வயரை எடுத்துப் பக்கத்திலிருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அதை அம்மனுக்குக் காட்டிச் சாட்சி சொல்லத்தான் கொண்டு வந்திருந்தேன். அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

திரும்பி வரும்போது அவரால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை. பழக்கமில்லாத கை, அப்படி எரிந்திருக்கிறது. வழியில் ஒரு ஓட்டலில் மோர் வாங்கி, டம்ளருக்குள் விரல்களை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பரிமாறுகிறவர் வந்து பார்த்துவிட்டு, "குடிக்கறதுக்குத் தனியா ஒண்ணு கொண்டாரட்டுங்களா?" என்றார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மோர் சிந்திவிட்டது.

மறுநாளும் எரிச்சல் அடங்கவில்லை. வேலைக்காரிதான் பிரஸ்ஸை ஓட்டினாள். "ஏனுங்க்கா, எலிக்கு என்னமோ கை எரியுதாட்ட இருக்குது. தேங்காண்ணெய் தடவறதுதானுங்களே?" என்று என்னிடம் கேட்பது போல் அவருக்குச் சொன்னாள். அவர் பேப்பரை உயர்த்திப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

சத்தியம் செய்துவிட்டார். ஆனால் சத்தியத்தைச் சோதிக்கிற நாள் ஒன்று வரும் அல்லவா? வந்தது. அன்றைக்கு வேலைக்காரி உறவில் ஒரு விசேஷம் என்று லீவு. சாயங்காலம் கம்பெனி வண்டி வந்து சரக்கை எடுத்துப் போக வேண்டும். சாக்கு பாதிதான் நிறைந்திருந்தது. திடீரென்று பிரஸ் நின்றது. பேனலில் சிவப்பு விளக்கு. அவர் இரண்டு பட்டனையும் ஒன்றாகத்தான் அழுத்தினார், நான் டீயோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மறுபடி அழுத்தினார். ரிலே ஒத்துக்கொள்ளவில்லை.

அவர் பேனல் கதவைப் பார்த்தார். பிறகு நிறையாத சாக்கைப் பார்த்தார்.

எனக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனைமலை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. நான் நிற்கிறேன் என்பதற்காக அவர் நல்லவராக இருந்தால், நான் இல்லாத நேரத்தில் விரலை யார் பார்த்துக்கொள்வது? டீயை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, "அடுப்புல பால் வெச்சிருக்கேனுங்க" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அடுப்பில் பால் இல்லை. சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்தால் பட்டறை தெரியும். ஜன்னல் கதவை ஒரு விரல் அகலம் திறந்து வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பேனல் கதவைத் திறந்தார். ஜோபியிலிருந்து டெஸ்டரை எடுத்தார். என் வாய் தன்னால் மாசாணியம்மா, மாசாணியம்மா என்றது. டெஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உள்ளே பார்த்தபடி நின்றார். பிறகு அதை ஜோபிக்குள் திரும்ப வைத்தார். பேனல் கதவைச் சாத்தினார். போனை எடுத்தார்.

"தம்பி, ரிலே செவப்புக் காட்டுது... இல்லப்பா, நான் ஒண்ணும் பண்ணலை... அட, சத்தியமா ஒண்ணும் பண்ணலைங்கறேன்! நம்ப மாட்டியா?... சரி, வா. நீ வார வரைக்கும் சும்மாதான் உக்காந்திருப்பேன்."

சொன்னபடியே உட்கார்ந்தார். ஆறிப்போன டீயைக் குடித்தார். தம்பி வந்து பார்த்தபோது, வலது பட்டனுக்குள் தகட்டுத் தூசி போய் அடைத்துக்கொண்டு, அழுத்திய பட்டன் சரியாக மேலே எழும்பாமல் இருந்திருக்கிறது. கை எடுத்ததை ரிலேயால் உறுதிப்படுத்திக்கொள்ள முடியவில்லை, அதனால் நிறுத்திவிட்டது. தூசியைத் தட்டி, பட்டனை மாற்றிவிட்டுப் போனான். சாக்கு நிறையும்வரை கம்பெனி வண்டி வந்து காத்துக்கொண்டிருந்தது. டிரைவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்துச் சமாளித்தேன்.

எல்லாரும் போனபிறகு அவர் சமையலறைக்கு வந்து தண்ணீர் மொண்டு குடித்தார். குடித்துவிட்டு, "பால் பொங்கிருச்சா?" என்றார்.

"என்ன பாலுங்க?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஜன்னல் சந்துல உன்ற மூக்குத்தி மின்னுச்சு, அம்மணி."

 அப்படியானால் அவர் டெஸ்டரைத் திரும்ப வைத்தது? "அப்ப, நான் பாக்கறேன்னுதான் போடலீங்களா?"

அவர் சொம்பைக் கவிழ்த்து வைத்தார். விளையாட்டாகச் சொல்லப் போகிறாரா, நிஜமாகச் சொல்லப் போகிறாரா என்று கண்டுபிடிக்க நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போனைக் கையில எடுத்த பொறகுதான் மூக்குத்தியே தெரிஞ்சுது" என்றார். "நாளைக்கு நல்லெண்ணெய் வாங்கி வை. ஆனைமலைக்குப் போய்க் கல்லைக் குளிர வெச்சுட்டு வந்திரலாம். எனக்கு இன்னும் எரியுது."